வழிச்செலவு கொடுத்தவர்கள்

1955ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவருக்கு அமெரிக்க அறநிதியம் ஒன்று கடல் கடந்து போய்வர வழிச்செலவு கொடுத்தது. கொடுத்தது றொக்பெல்லர் மன்றம். பெற்றுக்கொண்டவர் எதிரிவீர சரச்சந்திர. அந்தப் பணம் யப்பானுக்குப் போனது, கொழும்பு மேடையில் ஏறியது, பேராதனையில் சில காலம் தங்கியது, கடைசியில் எங்கள் பக்கத்து ஊரான தெல்லிப்பழையில் பிறந்த ஒருவரின் கைவழியாகத் தமிழ்க் கூத்துக்கு வந்து சேர்ந்தது. இளங்கலைஞர்களைப் பயணம் அனுப்புவதற்கென்றே ஒரு நம்பிக்கை நிதியம் வேண்டும் என்று காங்கேசன்துறையில் நின்று பேசுகிறவர்கள் முதலில் அறிய வேண்டிய வரலாறு இது. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

றொக்பெல்லர் மன்றம் 1913இல் நியூயோர்க்கில் நிறுவப்பட்டது. எண்ணெய் வியாபாரத்தில் ஈட்டிய பெருஞ்செல்வம் அதன் முதல். இலங்கையர் அதன் பெயரை முதலில் கேட்டது கலையின் பேரால் அல்ல. 1916 முதல் மலையகத் தோட்டங்களில் கொக்கிப்புழு நோயை ஒழிக்கும் வேலையில் அது இறங்கியிருந்தது. தோட்டத் தொழிலாளியின் இரத்தசோகைக்கு மருந்து கொடுத்த அதே நிதியம், நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாடகக்காரருக்குப் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் பணம் கொடுத்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிய அந்த மனப்பாங்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. கலைக்குச் செலவிடுவதை மிச்சப் பணத்தின் வேலையாக அவர்கள் எண்ணவில்லை.

சரச்சந்திரவுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருந்தது. இளைஞர் என்று சொல்ல முடியாது. ஆனால் இளமையிலும் அவருக்கு ஒரு பயணம் வாய்த்திருந்தது: 1930களின் இறுதியில் சாந்திநிகேதன் போய் இந்திய இசையும் தத்துவமும் பயின்றவர் அவர். அந்த முதற்பயணம் இல்லாவிட்டால் இரண்டாம் பயணத்தில் கண்டதை அவரால் உள்வாங்கியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. இளவயதில் ஒருமுறை வெளியே போய் வந்த கண், பின்னர் எங்கே போனாலும் தேட வேண்டியதைத் தானே தேடும்.

யப்பானில் அவர் நோ நாடகத்தையும் கபுகியையும் பார்த்தார். நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த மரபு, பாட்டு, ஆட்டம், அரங்கில் வெளிப்படையாக அமர்ந்திருக்கும் இசைக்காரர்கள், யதார்த்தத்தைக் காட்டுவதாகப் பாசாங்கு செய்யாத மேடை. அதைப் பார்த்தவர் யப்பானிய நாடகத்தைக் கொண்டுவந்து இங்கே ஆடிக் காட்டவில்லை. திரும்பி வந்து தென்மாகாணக் கரையோரத்தில் சிங்களத்தில் ‘நாடகம்’ என்றே அழைக்கப்பட்ட பழைய ஆட்டவகையைத் தேடிப் போனார். சார்ள்ஸ் சில்வா குணசிங்க என்னும் நாடக ஆசானிடம் அதன் பாட்டையும் அடவையும் கேட்டறிந்தார். 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ மேடையேறியது. நவீன சிங்கள நாடகத்தின் வரலாற்றை அந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

இந்தத் தென்னிலங்கை நாடக வகை எங்கிருந்து வந்தது என்பதை நாங்கள் மறந்துவிடக் கூடாது. தமிழ்க் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்துக்கும் அதற்கும் உள்ள உறவு ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரக் கிராமங்களிலும் அண்ணாவிமார் ஆட்டுவித்த கூத்தின் உறவுக்காரரே அம்பலாங்கொடைப் பக்கத்தில் சிங்களம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுகொள்ள ஒருவர் யப்பான்வரை போய்வர வேண்டியிருந்தது. 1956 என்னும் ஆண்டு எங்களுக்கு வேறு காரணத்தால் மறக்க முடியாத ஆண்டு. யூனில் தனிச்சிங்களச் சட்டம், நவம்பரில் மனமே. மொழி இந்த நாட்டைப் பிரித்த அதே ஆண்டில், தமிழ்க் கூத்தின் வழிவந்த ஆட்டம் சிங்கள மேடையின் பெருமையாக எழுந்து நின்றது.

பேராதனையில் சரச்சந்திரவின் சக ஆசிரியராக இருந்தவர் சு. வித்தியானந்தன். 1924இல் தெல்லிப்பழையில் பிறந்தவர். பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சிங்களத்தில் நடந்ததைக் கண்முன்னே கண்ட அவருக்கு, எங்கள் கூத்தை ஏன் நாங்கள் இப்படிப் பார்க்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் ஊர் ஊராகப் போனார், அண்ணாவிமாரைச் சந்தித்தார், போட்டிகள் வைத்தார், ‘அலங்கார ரூபன்’, ‘மூவிராசாக்கள்’ போன்ற கூத்துகளின் ஏட்டுப் பிரதிகளை அச்சேற்றினார். பிறகு பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலி வதை’ என்று வரிசையாக மேடையேற்றினார். விடியவிடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கியது. வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏறியது. அதில் இழந்ததும் உண்டு என்று வாதிடுகிறவர்கள் உண்டு, அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் படித்தவர்கள் கூத்தைக் கண்டு கூச்சப்பட்ட காலம் அத்தோடு முடிந்தது. இராவணேசனில் ஆடிய சி. மௌனகுரு என்ற மட்டக்களப்பு மாணவர் பின்னாளில் பேராசிரியராகி அந்த வழியை இன்றுவரை நீட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நியூயோர்க்கில் அந்தக் காசோலையில் கையெழுத்திட்டவருக்குத் தெல்லிப்பழை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பயண நிதியின் இயல்பு அது. பாடசாலைக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தால் திறப்பு விழாவன்றே பலனைப் படம் பிடித்து மலரில் போடலாம். ஒரு கலைஞரை அனுப்பிவைத்தால் பலன் பத்து ஆண்டுகள் கழித்து, வேறு ஊரில், வேறு மொழியில், வேறு ஒருவருடைய பெயரில் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளும் நெஞ்சம் உள்ள கொடையாளிகளே இதற்கு வேண்டும்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். வித்தியானந்தன் பிறந்த அதே 1924இல், காங்கேசன்துறையில் பிறந்தார் வி. வி. வைரமுத்து. நடிகமணி என்று சொன்னால் ஈழத்தில் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். அவருடைய வசந்தகான சபா ஆடிய ‘அரிச்சந்திர மயான காண்டம்’ ஆயிரக்கணக்கான தடவை மேடையேறியது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்குச் சுடலை காக்கும் அரிச்சந்திரன் என்றால் வைரமுத்துவின் குரல்தான். பெற்ற பிள்ளையின் உடலைச் சுமந்துவரும் சந்திரமதியிடம் சுடலைக் கூலி கேட்கும் அந்தக் கட்டத்தை, கதை முழுவதும் தெரிந்த சனம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து அழுதது.

அந்த இசை நாடகமும் கடல் கடந்து வந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தமிழக நாடகக் குழுக்கள் இங்கே வந்து கொட்டகை போட்டு ஆடின. சிறுவயதிலேயே மேடையேறிய எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் முதலில் சந்தித்துக்கொண்டது 1926இல் கொழும்பில்தான். அந்தக் குழுக்களைப் பார்த்தும் கேட்டும் எங்கள் நடிகர்கள் உருவானார்கள். பயணத்தின் செலவை அன்று கொட்டகை வசூல் தாங்கியது.

வைரமுத்துவின் பயணங்களைத் தாங்கியது கூப்பிட்ட ஊர். கோயில் திருவிழாவுக்கு ஆட்டம் வேண்டுமென்றால் ஊர்க்காரர் வந்து வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுப்பார்கள். குறித்த நாளில் ஆர்மோனியம், மிருதங்கம், உடுப்புப் பெட்டி எல்லாவற்றோடும் குழு புறப்படும். ஒப்பனை இரவு, ஆட்டம் விடியும்வரை, காலையில் மிச்சப் பணம். அந்த வரவிலிருந்து பக்கவாத்தியக்காரருக்கும் துணைநடிகருக்கும் பங்கு போனபின், ஒருவர் தன் கலையை வளர்க்க வெளியூர் போய் ஆறு மாதம் தங்கிக் கற்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஆடுவதற்காகப் போன பயணங்கள் அவர்களுக்கு நிறைய உண்டு. கற்பதற்காகவோ வெறுமனே பார்ப்பதற்காகவோ போகும் பயணத்துக்கு யாரும் அச்சாரம் கொடுப்பதில்லை. ஒரு நிதியம் நிரப்ப வேண்டிய இடம் சரியாக அதுவே.

வைரமுத்துவும் வித்தியானந்தனும் 1989ஆம் ஆண்டிலேயே அடுத்தடுத்து மறைந்தார்கள். மறு ஆண்டு யூனில் போர் மீண்டும் மூண்டு, காங்கேசன்துறையும் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குக் கிராமங்களும் வெறுமையாயின. ஊரே இல்லாமற்போனபோது ஆட்டத்துக்கு அச்சாரம் கொடுக்கும் கோயிலும் இல்லை, சபையும் இல்லை. அகதி முகாமிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்ல நேரமிருந்தவர்கள் குறைவு. அதனால்தான் பெயர்களையும் ஆண்டுகளையும் இங்கே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இளைஞரை அனுப்புவதற்குப் பதிலாக ஆசிரியரைக் கொண்டுவரும் வழியும் உண்டு. அந்த வழியைத் தேர்ந்தவர் எங்கள் தொகுதியின் பிரதிநிதியாக இருந்த சு. நடேசபிள்ளை. தஞ்சை மண்ணில் பிறந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகனாகி, பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1952 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தையே வென்று பாராளுமன்றம் போனார் என்பது அரசியல் வரலாற்றில் பேசப்படுகிற செய்தி. கலை வரலாற்றில் பேச வேண்டியது, 1960இல் மருதனார்மடத்தில் அவர் நிறுவிய இராமநாதன் சங்கீத அக்கடமி. மகாராஜபுரம் சந்தானம் தமிழகத்திலிருந்து வந்து அதன் அதிபராகப் பணியாற்றினார். மகாராஜபுரம் விஸ்வநாத ஐயரின் மகன் மருதனார்மடத்தில் இருந்து பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார் என்றால், சென்னைக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு! 1975இல் அந்த அக்கடமி யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. இன்று பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலை, கட்புலக்கலைப் பீடமாக இராமநாதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் பல ஆண்டுகள் இருந்தவரும் நாம் மேலே கண்ட வித்தியானந்தனே.

ஆசிரியரை வரவழைத்தால் நூறு பேர் கற்கலாம். ஒருவரை அனுப்பினால் ஒருவரே கற்பார் என்று கணக்குப் பார்க்கலாம். ஆனால் ஆசிரியர் தன் பாட்டை மட்டுமே கொண்டுவர முடியும். அவர் பாடிப் பழகிய சபையை, அங்கே முன்வரிசையில் இருக்கும் இரசிகரின் தலையசைப்பை, ஒரே மாலையில் மூன்று கச்சேரி கேட்டுவிட்டு நடுத்தெருவில் நின்று வாதாடும் வழக்கத்தை அவரால் பெட்டியில் கட்டிக்கொண்டு வர இயலாது. அதற்குப் போகத்தான் வேண்டும். எங்கள் நாதஸ்வர, தவில் மரபு இதை எப்போதோ அறிந்திருந்தது. யாழ்ப்பாணக் கோயில் உற்சவங்களுக்குத் தமிழக வித்துவான்கள் வந்து தங்கி வாசித்தார்கள். எங்கள் வித்துவான்கள் அங்கே போய் வாசித்தார்கள். அளவெட்டி வி. தெட்சணாமூர்த்தி தவிலை எடுத்துக்கொண்டு தமிழகம் போனபோது, காருகுறிச்சி அருணாசலம் முதலிய பெரியவர்கள் அவரைத் தங்களுக்குச் சமமாக மேடையில் அமர்த்தினார்கள். 1975இல் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தமிழகத்தில் அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். கோயில் முகாமைகளும் உபயகாரர்களும் கொடுத்த வழிச்செலவு, எந்த நிதியத்தின் ஏட்டிலும் பதியப்படாமல், இத்தனையையும் செய்தது.

ஓவியத்தில் இன்னொரு சங்கிலி உண்டு. எட்வேர்ட் ஸ்டொட் என்ற ஆங்கில ஓவியர் நாட்டுப்புற வாழ்வை வரைந்தவர், 1918இல் இறந்தார். அவர் பெயரால் லண்டன் அரச கலைக்கழகம் ஒரு பயணப் புலமைப்பரிசில் நடத்தியது. 1920களில் அதைப் பெற்று இத்தாலி போனவர் டேவிட் பெயின்டர், இலங்கையின் முதன்மையான ஓவியர்களில் ஒருவர். இத்தாலியத் தேவாலயச் சுவர்களைப் பார்த்து வந்த அந்தக் கை, கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவர்களில் இயேசுவை இலங்கை மண்ணின் மனிதராக, உள்ளூர் மரஞ்செடிகளுக்கு நடுவே வரைந்தது. பெயின்டர் பின்னர் கொழும்பில் அரசினர் நுண்கலைக் கல்லூரியோடு இணைந்திருந்தார். அந்தக் கல்லூரியில் 1950களில் பயின்றவர் குருநகர் அ. மாற்கு. மாற்கு யாழ்ப்பாணம் திரும்பிச் சித்திர ஆசிரியராகி, போர்க்காலத்தில் தூரிகை பிடித்த இளைஞர், யுவதிகள் பலருக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். அவருடைய ஓவியங்களைப் பற்றி 1987இல் வெளிவந்த ‘தேடலும் படைப்புலகமும்’ எங்கள் ஓவிய வரலாற்றில் முக்கியமான தொகுப்பு. சசெக்ஸ் கிராமத்து ஓவியர் ஒருவரின் பெயரால் வந்த பரிசில் குருநகர்வரை நீண்ட பாதை இது.

இப்படிப்பட்ட நிதியத்தை எப்படி அமைப்பது என்பதற்கு நல்ல முன்மாதிரி சார்ள்ஸ் வொலஸ் இந்திய நிதியம். 1855இல் கல்கத்தாவில் பிறந்து, ஷோ வொலஸ் வணிக நிறுவனத்தை நடத்திய சார்ள்ஸ் வொலஸ் 1916இல் இறந்தார். உறவினரின் காலத்துக்குப் பின் தன் செல்வம் பிரித்தானியத் திறைசேரிக்கும் இந்தியத் திறைசேரிக்கும் போக வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அது நடைமுறைக்கு வரும்போது அவர் அறிந்த இந்தியா நான்கு நாடுகளாகிவிட்டது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1981இல் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், பர்மா என்று தனித்தனி நிதியங்கள் ஏற்பட்டன. இலங்கைக்கு அதில் பங்கில்லை. வொலஸின் காலத்தில் நாங்கள் பிரித்தானிய இந்தியாவின் பகுதியாக இருக்கவில்லை, தனிக் குடியேற்ற நாடாக ஆளப்பட்டோம்.

இந்திய நிதியம் நடக்கும் முறையில் கற்க வேண்டியது நிறைய. பட்டப்படிப்பு முழுவதற்கும் பணம் கொடுத்து ஒன்றிரண்டு பேரை மட்டும் தூக்கிவிடுவது அதன் நோக்கமல்ல. கலையிலும் மரபுரிமைப் பேணலிலும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் இளையவரைச் சில வாரம், சில மாதம் பிரித்தானியாவுக்கு அழைத்து, பார்க்கவும் பழகவும் கற்கவும் விடுகிறது. போகுமிடத்தில் ஒருவர் வரவேற்கக் காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. செலவு முழுவதையும் எப்போதும் தருவதில்லை. மிச்சத்தை விண்ணப்பிப்பவர் தேடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விதியை மட்டும் நாங்கள் பின்பற்றக் கூடாது என்பது என் கருத்து. டெல்லியிலும் மும்பாயிலும் மிச்சத்தைத் தேடிக்கொள்ள வழியுண்டு. மாவிட்டபுரத்தில் மீள்குடியேறி இன்னும் வீட்டுக்குக் கூரை முடிக்காத குடும்பத்துப் பிள்ளைக்கு இல்லை.

பாதைகள் எங்கள் ஊருக்கு எப்போதும் இருந்தன. 1902இல் காங்கேசன்துறையில் புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் கொழும்புப் பாதையோடு இணைந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயர் சிலோன் தன் முதல் விமானத்தை இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறக்கவிட்டபோது நடுவில் இறங்கிய இடம் காங்கேசன்துறை என்றே அறிவிக்கப்பட்டது. அது பலாலி ஓடுதளம். 1990இல் நின்ற புகையிரதம் 2015 சனவரி 2ஆம் திகதி மீண்டும் துறைமுகத்து நிலையத்துக்கு வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகியது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து ‘செரியாபாணி’ கப்பல் பயணிகளோடு துறைமுகத்துக்குள் நுழைந்தது. இடையில் நின்ற சேவையை 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ மீண்டும் தொடங்கியது. கப்பலேறினால் அன்றே நாகப்பட்டினம். அங்கிருந்து திருவாரூர், தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாம் பேருந்துத் தூரம்.

இந்தியக் கலாசார உறவுகள் பேரவை, 1950இல் மௌலானா ஆசாத் தொடக்கியது, நீண்ட காலமாக எங்கள் மாணவர்களுக்கு இசை, நடனப் படிப்புக்குப் புலமைப்பரிசில் தந்துவருகிறது. அது அரசின் திட்டம். பரீட்சைப் பெறுபேறும் கல்விச் சான்றிதழும் உடையவர் பட்டமோ டிப்ளோமாவோ படிக்கப் போவதற்கானது. தேவையான திட்டம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மத்தளம் அடிக்கும் இளைஞருக்குக் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு இல்லாமல் இருக்கலாம். இசை நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவரிடம் சான்றிதழே இல்லாமல் இருக்கலாம். ஊர் நிதியம் அவர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

அப்படி ஒன்றை அமைப்பவர்களிடம் சில விடயங்களை உரிமையோடு கேட்பேன். விண்ணப்பப் படிவம் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். சான்றிதழுக்குப் பதிலாக அண்ணாவியாரோ குருவோ நேரில் வந்து சொல்லும் சொல் போதும் என்று வையுங்கள். தனி நடிகரையோ பாடகரையோ மட்டும் அனுப்பாமல் பக்கவாத்தியக்காரரையும் சேர்த்து அனுப்புங்கள். இசை நாடகத்தில் ஒருவர் மட்டும் கற்று வந்தால் மற்றவர் பழைய இடத்திலேயே நிற்பார். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் விமானத்தில் வாங்கும் சுமைக்கூலி ஒரு மனிதரின் சீட்டுக்கு அருகில் வந்துவிடும். அதையும் வழிச்செலவில் எழுதுங்கள். போய் வந்தவரிடம் அறிக்கை கேட்க வேண்டாம், ஊரில் ஓர் இரவு ஆட்டமோ கச்சேரியோ கேளுங்கள். பெண்பிள்ளைகள் தனியே போக வீட்டார் தயங்கினால், துணைக்குப் போகும் தாய்க்கோ அக்காவுக்கோ சேர்த்துச் செலவு கொடுங்கள். எத்தனையோ நல்ல நடனக்காரர்களின் பயணம் வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறது.

கடல் கடந்துதான் போக வேண்டும் என்றும் இல்லை. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை யாழ்ப்பாணத்து இளம் கூத்தர் எத்தனை பேர் அதன் சொந்தக் களரியில் பார்த்திருக்கிறார்கள்? மன்னார்க் கூத்தை? அம்பலாங்கொடைக்குப் போய்ச் சிங்கள நாடக ஆசான்களின் வாரிசுகளோடு பத்து நாள் இருந்து வர ஒருவருக்குப் புகையிரதச் சீட்டும் சாப்பாட்டுக் காசும் கொடுத்தால், எங்கள் கூத்தின் வழிவந்த ஆட்டத்தில் 1956இல் சரச்சந்திர கண்டெடுத்ததை நாங்கள் அவர்களிடம் திரும்பிப் பார்க்கலாம். முதல் ஆண்டில் நிதி சிறிதாக இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.

நிதி சற்றுச் சேர்ந்தபின் தஞ்சாவூர்ப் பக்கம். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா நடக்கும். பெண் வேடத்தை ஆண்களே கட்டி, பாட்டும் வசனமும் ஆட்டமுமாக இரவு முழுவதும் ஆடுவார்கள். வசந்தகான சபாவின் வழியில் இன்று ஆட முயலும் ஓர் இளைஞர், ஓர் ஆர்மோனியக்காரர், ஒரு மிருதங்கக்காரர் என்று மூன்று பேர் அதைப் பார்க்கப் போகட்டும். வைகாசிக் கடல் அமைதியாக இருந்து கப்பல் ஓடினால், காங்கேசன்துறையிலேயே ஏறலாம்.